கருங்கல் பூமியில் ஆழ்துளைக் கிணறு: அறிகுறி பார்த்துக் கோளாறு அறியும் முறை

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கிரானைட், நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. ஆற்று மணலிலும் கடலோரப் படிவுகளிலும் மணிகளுக்கு இடையே தண்ணீர் தங்குவதைப் போல இந்தப் பாறைகளின் மணிகளுக்கு இடையே தங்குவதற்கு இடம் கிடையாது. உடையாத பாறை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாது. மேலே சில மீட்டர் முதல் இருபது, முப்பது மீட்டர் வரை மக்கிச் சிதைந்த பாறையும், அதற்குக் கீழே பாறையை ஊடறுக்கும் விரிசல்களும் மட்டுமே நீருக்கு இடம் தருகின்றன. இவற்றுள் சிதைந்த பாறையைத் தொட்டி எனவும், விரிசல்களை அந்தத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் எனவும் கொண்டால், கீழே வரும் கோளாறுகள் அனைத்தையும் விளங்கிக்கொள்ளலாம்.

நாம் போடும் துளை ஒரு விரிசலை வெட்ட வேண்டும். அந்த விரிசல் வேறு விரிசல்களோடு சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த பின்னல் மழைநீர் இறங்கும் சேமிப்போடு தொடர்புற்றிருக்க வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் கிணறு தோற்றுவிடும். ஆனால் எது அறுந்தது என்பதைப் பொறுத்து வெளியே தெரியும் அறிகுறி மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல், தண்ணீர் குறைந்த உடனே இன்னும் ஆழப்படுத்துவதும் பக்கத்திலேயே இன்னொரு துளை போடுவதும் நம் ஊர்களில் பெருஞ்செலவில் முடிகிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

விரிசலின் அகலத்தைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையான இரண்டு பரப்புகளுக்கு இடையே செல்லும் நீரின் அளவு, அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. இடைவெளி பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 1 மில்லிமீட்டர் விரிசல் கடத்தும் நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் 0.1 மில்லிமீட்டர் விரிசல் கடத்தும். ஆகவே வண்டலோ சுண்ணாம்புப் படிவோ மிகச் சிறிதளவு படிந்தாலும் கிணற்றின் ஊற்று கண்முன்னே வற்றிவிடக்கூடும். மறுபுறம், விரல் நுழையும் அகலமுள்ள விரிசலாகவே இருந்தாலும், அது சில அடி தூரத்தில் வேறெதையும் தொடாமல் முடிந்துவிட்டால் தன்னுள் இருந்த நீரைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அகலமும் இணைப்பும் தனித்தனிச் செய்திகள். இரண்டையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முன்பு அளக்க வேண்டியவை

மோட்டாரை ஓர் இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, மட்டம் எங்கே போய் நிலைகொள்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, வெளிவரும் தண்ணீரை 200 லிட்டர் பீப்பாயில் பிடித்து, நிரம்ப ஆகும் நேரத்தைக் குறியுங்கள். இந்த மூன்று எண்களும் இல்லாமல் எந்தப் பழுதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

‘இரண்டு இஞ்சு தண்ணி’, ‘மூன்று இஞ்சு தண்ணி’ என்ற பேச்சுவழக்குக் கணக்கை மட்டும் நம்பிச் செலவு செய்ய வேண்டாம். நீரை அளக்க வைக்கும் 90 பாகை முக்கோண வெட்டுத் தகட்டின் வழியே 1 அங்குல உயரத்தில் வழியும் நீர் நிமிடத்துக்குச் சுமார் 8.5 லிட்டர், 2 அங்குலம் என்றால் அது சுமார் 48 லிட்டர் ஆகிறது. அங்குலம் இரட்டிக்கும்போது நீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. சிலர் தகட்டைச் சொல்கிறார்கள், சிலர் குழாய் வாயைச் சொல்கிறார்கள். பீப்பாய்க் கணக்கில் அந்தக் குழப்பம் இல்லை.

அறிகுறி 1: மோட்டார் முக்கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு காற்று வாங்குகிறது

மிகப் பலர் சொல்லும் குறை இதுதான். மிகப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். ஆறரை அங்குல விட்டமுள்ள துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். 600 அடி உயரத்துக்கு நீர் நின்றால், துளைக்குள் மட்டுமே 3,900 லிட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் மோட்டார், பாறையிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டாலும், அதை வைத்தே நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். இரவெல்லாம் கசிந்து நிறைந்த நீரைத்தான் நீங்கள் காலையில் எடுத்தீர்கள். ஊற்று அவ்வளவு பெரியது என்பதற்கு அது சான்று ஆகாது.

உண்மையான ஊற்றை அறிய, காற்று வாங்கியவுடன் மோட்டாரை நிறுத்தி, மட்டம் ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் 3 அடி ஏறினால், உள்ளே வரும் நீர் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,600 லிட்டர். ஒரு வீட்டுக்கு இது தாராளம். இரண்டு ஏக்கர் வாழைக்கு இது போதாது. மட்டம் உயர உயர இந்த வேகம் குறையும் என்பதால் முதல் சில நிமிடங்களின் அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

இந்த அளவு தெரிந்த பிறகு செய்ய வேண்டியது பெரும்பாலும் எளிதானது. மோட்டாரின் வாயிலில் உள்ள வால்வைச் சிறிது மூடி, ஊற்றுக்கு ஏற்ற அளவில் மட்டும் நீரை எடுங்கள். அல்லது தானியங்கிக் கருவி பொருத்தி, சிறிது நேரம் ஓட்டி நீண்ட நேரம் ஓய்வு கொடுங்கள். வால்வை மூடும்போது, மோட்டாரைத் தயாரித்தவர் குறித்துள்ள குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; நீர்மூழ்கி மோட்டார் தன்னைக் கடந்து செல்லும் நீரால்தான் குளிர்கிறது.

கிணற்றின் வாயில் காதை வைத்தால், உள்ளே மேலிருந்து நீர் விழும் ஓசை கேட்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டால், நீர்மட்டம் முக்கிய விரிசலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலைக்குப் பிறகு மட்டத்தை இன்னும் கீழே இறக்கினாலும் அந்த விரிசலிலிருந்து கூடுதலாக நீர் வராது. மாறாக, விரிசலின் வாயில் காற்று படுவதால் இரும்பும் சுண்ணாம்பும் அங்கேயே படிந்து அடைக்கத் தொடங்கும். ஆகவே மோட்டாரை ஆழத்தில் இறக்கியிருந்தாலும், ஓடும்போது நீர்மட்டம் முக்கிய ஊற்றுக்கு மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். துளை போட்ட அன்றே எந்தெந்த அடியில் தண்ணீர் கண்டது என்று எழுதி வைத்திருப்பவருக்கு இது கைகூடும். எழுதி வைக்காதவர்கள் கேமரா இறக்கிப் பார்க்கலாம்.

அறிகுறி 2: பல ஆண்டுகள் நன்றாகக் கொடுத்த கிணறு மெல்லக் குறைகிறது

மேலே சொன்ன மூன்று அளவுகள் இங்கேதான் முழுப் பயன் தருகின்றன. ஓய்வில் நிற்கும் மட்டம் பழையபடியே இருந்து, ஓடும்போது நிற்கும் மட்டம் முன்னைவிட மேலே இருக்க, பீப்பாய் நிரம்பும் நேரம் கூடியிருந்தால், பாறையில் குறையில்லை. மோட்டாரின் தேய்மானம், குழாயில் ஓட்டை, மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றைப் பாருங்கள். ஓய்வு மட்டம் அப்படியே இருக்க, ஓடும்போது மட்டும் மட்டம் முன்னைவிட மிகக் கீழே போகிறது என்றால், விரிசல் கிணற்றில் வந்து திறக்கும் வாய் அடைபட்டுள்ளது. ஓய்வு மட்டமே ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், தொட்டியாகிய சிதைந்த பாறை காலியாகி வருகிறது. விரிசல்கள்மேல் பழி இல்லை.

இரண்டாவது நிலைக்குக் கம்ப்ரசர் வைத்துக் கழுவுதல் பயன் தரும். மோட்டாரை வெளியே எடுத்தபோது குழாயின்மேல் செம்பழுப்பு நிறத்தில் வழவழப்பான பூச்சு இருந்தால் அது இரும்பைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்களின் வேலை. வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் சுண்ணாம்புப் படிவு. முன்னதற்கு குளோரின் இட்டு ஊறவைத்துக் கழுவுவதும், பின்னதற்கு அமிலம் இடுவதும் வழக்கம். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாக இறக்கக் கூடாது; நச்சு வாயு வெளிவரும். இந்த வேலையை அனுபவம் உள்ளவரிடம் விடுவதே நல்லது.

மூன்றாவது நிலையில் ஆழப்படுத்துவது மருந்தாகாது. பாறைக்குள் விரிசல்கள் கொள்ளும் நீர் பாறையின் கன அளவில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மேலுள்ள சிதைந்த பாறை வற்றிய பின்பு கீழே கிடைப்பது அந்தச் சிறு இருப்பு மட்டுமே. அது தீர்ந்துவிட்டால், மழை இறங்கி மேல்பகுதி நிறையும் வரை அந்தப் பின்னலுக்கு வேறு வரவு இல்லை.

அறிகுறி 3: பக்கத்துத் தோட்டத்தில் ஊற்று கொப்பளிக்கிறது, நம் துளையில் புகைதான் வருகிறது

துளைக்கும்போது ஈரமில்லாத தூள் மட்டும் பறந்தால் அதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வடிவக் கணக்கே போதும். கடினப் பாறையில் பல முக்கிய விரிசல்கள் செங்குத்தாகவோ, செங்குத்துக்கு மிக அருகிலோ நிற்கின்றன. நாமும் செங்குத்தாகவே துளை போடுகிறோம். ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் இரண்டு கோடுகள் சந்திப்பது அரிது.

விரிசல் சற்றே சாய்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்துக் கிணற்றில் 300 அடியில் ஊற்றுக் கண்டது என்றும், அந்த விரிசல் கிடைமட்டத்திலிருந்து 70 பாகை சாய்வில் நம் பக்கமாக இறங்குகிறது என்றும் கொள்வோம். நம் துளை 100 அடி தள்ளி இருந்தால், அதே விரிசல் நமக்குச் சுமார் 575 அடியில்தான் கிடைக்கும். அது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால், நமக்கு 25 அடியிலேயே வந்துவிடும். அந்த இடம், மேற்பகுதி சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாயின் பின்னால் மறைந்துபோகும். ஆக, பக்கத்தில் 300 அடியில் தண்ணீர் என்பதால் நமக்கும் 300 அடியில் வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இல்லை. பழைய திறந்த கிணறுகளின் சுவரில் பக்கவாட்டுத் துளைகள் போடும் வழக்கத்தை நான் மதிப்பதற்குக் காரணம் இதுவே. கிடையாகச் செல்லும் துளை செங்குத்து விரிசல்களை வரிசையாக வெட்டிச் செல்கிறது. அதோடு, மேலே இருக்கும் சேமிப்பின் அருகிலேயே நிற்கிறது.

புகை வந்த துளையிலும் தூளைப் பார்க்க வேண்டும். சாம்பலும் கறுப்புமாக, ஓரங்கள் கூர்மையாக வரும் துகள் உடையாத பாறையிலிருந்து வருகிறது. சில அடிகளுக்குத் துகளின் ஒரு முகம் மட்டும் துருநிறமாகப் பழுப்பேறியிருந்தால், அந்தப் பரப்பின் வழியே ஒரு காலத்தில் நீர் சென்றிருக்கிறது. அங்கே விரிசல் உண்டு, இப்போது நீர் இல்லை, அல்லது அது மெல்லியதாக இருக்கிறது. திடீரென்று வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டுகள் வருவதும் குறித்துக்கொள்ளத்தக்கது. நொறுங்கும் இயல்புள்ள அந்த நரம்புகளில் விரிசல்கள் மிகுந்திருக்கும். துளைக்கும் சுத்தியல் சட்டென்று ஓரிரு அங்குலம் விழுந்தால் அது இடைவெளிதான். ஆனால் அந்த இடத்தில் களிமண் வெளிவந்தால் இடைவெளி அடைபட்டது எனக் கொள்ள வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே டோலரைட் என்னும் கரும்பாறைச் சுவர்கள், பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு கிலோமீட்டர்க் கணக்கில் நீள்கின்றன. அத்தகைய சுவர் உடையாமல் இருந்தால் நிலத்தடி நீருக்கு அணைபோல் நின்றுவிடும். மேட்டுப் பக்கத்தில் நீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் வறண்டிருக்கும். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே உருண்டைக் கருங்கற்கள் ஒரே நேர்வரிசையில் கிடந்தால், துளைக்கும் முன் அந்த வரிசை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

தரையில் மின்சாரம் செலுத்தி நிலத்தின் தடையை அளக்கும் மின்தடை ஆய்வைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சிதைந்த பாறை எவ்வளவு தடிமன், அது எங்கே ஆழமாக இறங்குகிறது என்பதை அது நன்றாகக் காட்டும். 500 அடியில் இருக்கும் சில மில்லிமீட்டர் விரிசலைத் தரையிலிருந்து காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. தேங்காயும் வேப்பங்குச்சியும் இதில் எதையும் காட்டுவதில்லை.

அறிகுறி 4: நாம் மோட்டார் போட்டால் அடுத்தவர் கிணறு இறங்குகிறது

சண்டைக்கு முன் சோதனை செய்யலாம். சுற்றிலும் உள்ள எல்லாக் கிணறுகளையும் ஓய்வில் வைத்து, ஒன்றை மட்டும் சீராக ஓட்டி, மற்றவற்றில் 5, 10, 20, 40, 80 நிமிடங்களில் மட்டத்தைக் குறியுங்கள். இருபது மீட்டரில் இருக்கும் கிணறு அசையாமல் நிற்க, இருநூறு மீட்டர் தள்ளி இருப்பது சில நிமிடங்களிலேயே இறங்குவதைக் காணலாம். தூரம் இங்கே இரண்டாம் இடத்தில் நிற்கிறது. எந்த விரிசல் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதே முதன்மை. இறங்கும் கிணறுகளைத் தரைப்படத்தில் குறித்தால், பெரும்பாலும் அவை ஒரு திசையில் நீளும். அதுதான் அந்த ஊரின் முக்கிய விரிசல் திசை. ஒரே பின்னலில் இருப்பவர்கள் முறைவைத்து ஓட்டுவதைத் தவிர நிலையான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒருவர் ஆழப்படுத்தினால் மற்றவரும் ஆழப்படுத்துவார். இருவரும் எடுப்பது ஒரே நீரைத்தான்.

அறிகுறி 5: மழைக்குப் பின் இரண்டொரு நாளில் தண்ணீர் கலங்குகிறது, அல்லது வாடை வருகிறது

மணற்படுகையில் நீர் மெல்ல ஊறி வடிகட்டப்படுகிறது. விரிசலில் அந்த வடிகட்டல் இல்லை. கழிவறைத் தொட்டியிலிருந்து கிருமிகள் நேராகக் கிணற்றுக்கு வந்து சேர முடியும். முதலில் கேசிங் குழாயைப் பாருங்கள். அது சிதைந்த பாறையைக் கடந்து கெட்டிப் பாறைக்குள் சில அடியாவது இறங்கி நிற்க வேண்டும். வெளிப்புற இடைவெளி சிமெண்டால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். குழாயைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் கெட்ட நீரைக் குடிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குழாய் சரியாக இருந்தும் கலங்கினால், மேற்பரப்போடு நேராகச் சேரும் விரிசல் ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் நீரைக் கொடுத்து முடிவு தெரியும் வரை கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. நீர் கண்ணாடிபோல் இருக்கும். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். இது ஃப்ளூரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரங்களில் அறியப்பட்ட தொல்லை இது. மெல்லிய விரிசல்களில் நீண்ட காலம் தங்கும் நீர் பாறைக் கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தர அளவுகளின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. நீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். கிணற்றை ஆழப்படுத்தினால் இன்னும் பழைய நீரைத் தொட நேரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி 6: ஈரம் இருக்கிறது, ஊற்று இல்லை

துளை வறண்டதும் அன்று, பயன்படும் அளவுக்கு நீர் வருவதும் இல்லை. அருகே விரிசல் இருக்கிறது, இணைப்பு மட்டும் போதவில்லை என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். உயரழுத்த நீரால் விரிசலைத் திறக்கும் முறைக்குத் தகுந்த கிணறு இதுதான். கேசிங்குக்குக் கீழே கெட்டிப் பாறையில் ரப்பர் அடைப்பானைப் பொருத்தி, அதற்குக் கீழே நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தமானி ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று இறங்கினால் ஏதோ திறந்தது எனக் கொள்ளலாம். எவ்வளவு செலுத்தினாலும் இறங்காவிட்டால் அந்தப் பகுதியில் திறக்க ஒன்றும் இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கைப்பம்புக் கிணறுகளை உயிர்ப்பிக்க இம்முறையைக் கையாண்டிருக்கிறது.

திறக்கும் விரிசல் எந்தத் திசையில் போகும் என்பதைப் பாறையில் உள்ள அழுத்தமே முடிவு செய்கிறது. நம் விருப்பம் அங்கே செல்லாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில், சூடான ஆழ்பாறையில் இரண்டு துளைகளை இணைத்து வெப்பம் எடுக்க 1980களில் முயன்றபோது, பெருமளவு நீரைச் செலுத்தியும் விரிசல்கள் எதிர்பார்த்த திசையில் வளராமல் இரு துளைகளும் இணையாமலே போயின. பாறையின் நுண்ணதிர்வுகள் காட்டிய இடத்தை நோக்கி ஒரு துளையைத் திருப்பித் துளைத்த பிறகே இணைப்புக் கிடைத்தது. வசதிகள் நிறைந்த அந்த ஆய்வுக்கே அப்படி என்றால், ‘கட்டாயம் தண்ணீர் வரும்’ என்று யாரேனும் வாக்குக் கொடுத்தால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கழிவறைத் தொட்டி அருகில் இருந்தாலும் இம்முறையைத் தவிருங்கள். எதை நோக்கித் திறக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

அறிகுறி 7: மழைநீரை உள்ளே விட்டும் மட்டம் ஏறவில்லை

வறண்ட துளைக்குள் நேராக மழைநீரை விடுபவர்கள் முதலில் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரு லாரித் தெளிந்த நீரை விட்டு, மட்டம் இறங்கும் வேகத்தைப் பாருங்கள். மறுநாளும் நீர் அப்படியே நின்றால், அந்தத் துளை எந்தப் பின்னலோடும் சேரவில்லை. அதில் எவ்வளவு விட்டாலும் அது தேக்கிவைத்த நீராகத்தான் இருக்கும். விரைவாக இறங்கினால் துளை தகுதியானது. அப்போதும் கூரைநீரைத் தவிர வேறு நீரை நேராக விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வயல் நீரோடு வரும் வண்டல் விரிசலின் வாயில் படிந்துவிட்டால், முதலில் சொன்ன மும்மடிக் கணக்கின்படி ஓரிரு மழைக்காலத்தில் வழி அடைபட்டுவிடும். அதைவிட, கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் வரப்பை உயர்த்தி, குட்டை வெட்டி, சிதைந்த பாறையின் வழியே மெல்ல இறங்கவிடுவது பாதுகாப்பானது. பழைய குளங்களைத் தூர் வாருவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

எந்த அடியில் நிறுத்துவது

துளைப்பவர் ‘இன்னும் இருநூறு அடி போனால் வந்துவிடும்’ என்று சொல்லும் நேரத்தில் முடிவு உங்களுடையது. ஆழம் கூடக் கூட மேலிருக்கும் பாறையின் சுமை விரிசல்களை அழுத்துகிறது. 100 மீட்டர் ஆழத்தில் அந்தச் சுமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 27 கிலோ. விரிசல்களின் எண்ணிக்கையும் ஆழத்தோடு பொதுவாகக் குறைகிறது. ஆயிரம் அடிக்குக் கீழேயும் நீர் கண்ட கிணறுகள் கொங்குப் பகுதியில் உண்டு என்பது உண்மை. அவற்றுக்குப் பக்கத்தில் அதே ஆழத்தில் புகை மட்டும் கண்டவையும் உண்டு. கடைசி நூறு அடியில் துருநிறத் துகளோ, குவார்ட்ஸோ, சுத்தியல் விழுந்த இடமோ ஒன்றுகூட இல்லாமல் ஒரே சீரான கூர்த்தூள் வந்துகொண்டிருந்தால், அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். மிஞ்சும் பணத்தில் வேறிடத்தில், சிதைந்த பாறை ஆழமாக உள்ள பகுதியில், முயன்று பாருங்கள். கைவிடும் துளையை அன்றைக்கே கல்லும் மண்ணும் இட்டு அடிவரை நிரப்பி, வாயைச் சிமெண்டால் மூடிய பிறகுதான் வண்டியை அனுப்ப வேண்டும்.